டெயில்ஸ்டாக்கில் டேப்பர் டூல் பொருத்தும்போது செய்யக் கூடாதவை

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீட்டு கராஜில் ஓடும் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) ஆகட்டும், ஜேக்கப்ஸ், மோபெனி பக்கத்துப் பட்டறை லேத் ஆகட்டும், டெயில்ஸ்டாக் (வேலைப்பொருளின் மறுமுனைப் பக்கம் இருந்து டூலையோ சென்டரையோ பிடிக்கும் பகுதி) பெரும்பாலும் கெடுவது ஒரே விதமாகத்தான். டிரில், அதைப் பிடிக்கும் குவில் என்ற குழலுக்குள் வழுக்கிச் சுற்றிவிடும்; உட்சுவர் கீறிப்போகும். பிறகு எந்த டூலைப் போட்டாலும் நேராக உட்காராது.

டூலின் பின்பகுதியும் குவிலின் உட்துளையும் ஒரே சரிவில் ஒடுங்குவதுதான் மோர்ஸ் டேப்பர். அதில் ஏறக்குறைய 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் குறையும். இவ்வளவு மெல்லிய சரிவு என்பதால் இரண்டு பரப்பும் முழுக்க ஒட்டினால் உராய்வே டூலைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு பொடிச் சீவல் இருந்தாலும் இரண்டொரு இடத்தில்தான் தொடும், பிடி போய்விடும். அதனால் லேத்தை நிறுத்திவிட்டு, குச்சியில் சுத்தமான துணியைச் சுற்றி உள்ளே துடையுங்கள். ஷாங்கை (டூலின் அந்தச் சரிவான பின்பகுதியை) விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் அந்த மேட்டை மட்டும் எண்ணெய்க்கல்லால் தேய்க்க வேண்டும். எமரித்தாள் நல்ல பரப்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

டர்பன் கடற்காற்றில் இன்னொரு தொல்லை உண்டு. டிரில் சக்கை (டிரிலைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் கருவியை) வாரக்கணக்கில் குவிலிலேயே விட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். வேலை முடிந்ததும் கழற்றி, மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். மறுபடி மாட்டும்போது அந்த எண்ணெயை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

குவிலை முழுக்க உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு டூலை மாட்டாதீர்கள். பல லேத்தில் உள்ளே இருக்கும் திருகின் முனைதான் டூலைத் தள்ளிக் கழற்றுகிறது. அதன்மேல் டூல் இடித்தால் டேப்பர் இறுகவே இறுகாது. முதலில் குவிலை 3 செ.மீ. போல வெளியே விட்டு, டூலைச் சட்டென்று ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். தேவைப்பட்டால் மரச் சுத்தியலால் ஒரு தட்டு போதும். சக்காக இருந்தால் தாடைகளை உள்ளே இழுத்துவிட்டுத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் வேண்டாம்.

பின்முனையில் தட்டையான வால் இல்லாத குட்டை ஷாங்காக இருந்தால் கைச்சக்கரத்தைப் பின்னால் சுழற்றினாலும் திருகு எட்டாது. அப்போது பைப் ரெஞ்ச் போட்டுச் சக்கை முறுக்குவதுதான் குவிலுக்குச் செய்யும் பெரிய கேடு. ஷாங்கின் பின்புறம் மரை இருந்தால் அதில் ஒரு போல்ட்டை ஏற்றி நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

20 மி.மீ. டிரிலை நேரே செலுத்தாமல், முதலில் அதன் நடு முனையின் தடிப்பைவிடச் சற்றே பெரிய துளை போடுங்கள். மறுபக்கம் உடைத்துக்கொண்டு வெளிவரும் நேரத்தில் டிரில் பொருளைக் கவ்வி இழுக்கும். அங்கே கைச்சக்கரத்தை மிக மெதுவாகத் திருப்ப வேண்டும்.

குவில் ஏற்கெனவே கீறியிருக்கிறதா என்று பார்க்க, நல்ல ஷாங்கில் நீளவாக்கில் மூன்று கோடுகளாகப் பிரஷ்யன் நீலம் என்ற சாயப்பசையை மெல்லப் பூசி உள்ளே வைத்துக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். நீலம் முழு நீளத்துக்கும் பரவினால் சரி. திட்டுத்திட்டாகப் பட்டால் மோர்ஸ் ரீமரை (அதே சரிவில் துளையைச் சீவும் கருவியை) கையால் சுழற்றி மேடுகளை மட்டும் எடுங்கள். கீறலின் பள்ளம் அப்படியே இருக்கட்டும், அது பிடியைக் கெடுக்காது.

சென்டர்களுக்கு (இரு முனையிலும் தாங்கும் கூர்முனைகளுக்கு) இடையே கடைந்த தண்டு டெயில்ஸ்டாக் பக்கம் 0.10 மி.மீ. தடிப்பாக வந்தால், டெயில்ஸ்டாக்கை உங்கள் பக்கமாக 0.05 மி.மீ. நகர்த்துங்கள். வித்தியாசத்தில் பாதிதான், முழுதும் அல்ல.