இடிந்த சுவரிலிருந்து செங்கல் மீட்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முப்பது வருடம் கொத்து வேலை பார்த்தவன் நான். தோட்டத்தில் ரப்பர் சீட் காயவைத்த பழைய புகைவீட்டை இடித்தபோது கற்றுக்கொண்டது இது.

முதலில் சாந்தைப் பாருங்கள். சுண்ணாம்பு என்றால் கீறினாலே உதிரும். சிமெண்ட் என்றால் கல்லையும் பிய்த்துக்கொண்டுதான் வரும், விட்டுவிடுங்கள். கல்லை மணல் மூட்டைமேல் வைத்து ஓரத்திலிருந்து சாய்வாகத் தட்டுங்கள். அப்புறம் இரண்டு கல்லை மோதிப் பாருங்கள்: கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே விரிசல்.

போர் முடிந்த 1945இல் பெர்லின் பெண்கள் இப்படித்தான் சுத்தியலால் கல்லைச் சுத்தம் செய்தார்கள். அதே போரில் இடிந்த போலந்துத் தலைநகர் வார்சாவின் பழைய நகரத்தை 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள். எங்கள் புகைவீட்டுக்கு ஒரு போட்டோகூட இல்லை. இடிக்கும் முன்பே படம் எடுத்து, சன்னல் அளவையும் குறித்துவிடுங்கள்.