கோவைக்குப் போக வேண்டிய சேலை மன்னார்குடிக்குப் போன கதை

சின்னாளபட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். வாட்ஸப்பில் படம் போடுவேன், பிடித்தவர்கள் ஜிபேயில் பணம் அனுப்புவார்கள். சாயம் போச்சு, நூல் பிரிஞ்சுச்சு என்று வந்த சண்டை குறைவு. முகவரியால் வந்த தலைவலிதான் அதிகம்.

ஒரு கோவை அக்கா 641001 என்று தெளிவாகத்தான் அனுப்பியிருந்தார். பார்சலில் எழுதும்போது நான் 614001 என்று எழுதிவிட்டேன். அது மன்னார்குடி. கோயம்புத்தூர் என்று கொட்டை எழுத்தில் இருந்தும் பார்சல் பின்கோடைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. வளைகாப்புக்குக் கட்ட வாங்கிய சேலை, வளைகாப்பு முடிந்து நான்காம் நாள் போய்ச் சேர்ந்தது. அந்த அக்கா திட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

அதிலிருந்து கையால் எழுதுவதில்லை. அவர்கள் அனுப்பியதை அப்படியே நகலெடுத்து, அச்செடுத்து, மேலே டேப் ஒட்டுகிறேன். பின்கோடை அஞ்சல் துறையின் தளத்தில் போட்டுப் பார்க்கிறேன். கடைசி மூன்று இலக்கம்தான் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். ஊரும் எண்ணும் பொருந்தவில்லை என்றால் நீங்களாகத் திருத்தாதீர்கள், கேளுங்கள். 'திருப்பத்தூர்' என்று மட்டும் எழுதுவார்கள். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர், 630211. வாணியம்பாடிப் பக்கம் இன்னொன்று, 635601. குத்துமதிப்பாக அனுப்பினால் சேலை ஊர் சுற்றும்.

சென்னை என்றால் கதவு எண் பழையதா புதியதா என்று கேட்டு இரண்டையும் போடுங்கள். கிராமம் என்றால் எந்த அஞ்சல், எந்த வழி என்பது வேண்டும். சிலர் குரல் பதிவில் 'பிள்ளையார் கோயில் தெரு, பச்சை கேட்டு' என்பார்கள். தட்டச்சு செய்து தரச் சொல்லுங்கள். வீட்டில் பகலில் இருப்பவரின் போன் எண்ணையும் சேர்த்து வாங்குங்கள். அப்புறம் முழு முகவரியையும் திருப்பி அனுப்பி, "சரிதானே அக்கா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே பார்சலை மூடுவேன். மறுபடி அனுப்பும் செலவு யாருடையது என்ற பேச்சு வந்தால் அந்த ஒரு 'சரி' போதும்.

பணம் கட்டியபின் 'ஆபீசுக்கு மாத்திடுங்க' என்றால், பார்சல் கையில் இருக்கும்வரை மாற்றித் தருவேன். மீஷோ, அமேசான் மாதிரித் தளத்தில் விற்பவர்கள் அதுகூடச் செய்ய வேண்டாம். ரத்து செய்து புது முகவரியில் மறுபடி ஆர்டர் போடச் சொல்லுங்கள். அனுப்பியாகிவிட்டதா? கண்காணிப்பு எண்ணை எடுத்துக்கொண்டு, பார்சலை அனுப்பிய அஞ்சலகத்துக்கு உடனே ஓடுங்கள். தபால் பையில் கட்டி அங்கிருந்து போகாமல் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

திரும்பி வந்த பார்சலை அப்படியே மறுபடி அனுப்பக் கூடாது. பழைய பார்கோடு ஸ்டிக்கரை முழுதாகக் கிழித்துவிட்டு, தபால் செலவை முதலில் வாங்கிக்கொண்டு, புதிதாக ஒட்டுங்கள். நான் ஒருமுறை பாதி கிழித்து விட்டேன். அது நேராக என் வீட்டுக்கே திரும்பி வந்தது.