வெளிநாட்டிலிருந்து வேலையாள் எடுக்க வதிவிட விசா: கொழும்பு முதலாளிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை நடத்துபவருக்கு மதுரையிலிருந்து ஒரு சமையல்காரர் வேண்டும். செட்டியார்தெரு நகைக்கடைக்காரர் கோயம்புத்தூரில் ஒரு கைதேர்ந்த பத்தரைப் பார்த்து வைத்திருக்கிறார். பியகமவில் ஆடைத் தொழிற்சாலை வைத்திருப்பவர் பங்களாதேஷிலிருந்து தையல் மேற்பார்வையாளர் ஒருவரைக் கூப்பிடப் பார்க்கிறார். மூவருக்கும் தேவையானது ஒன்றுதான்: தொழில் வகை வதிவிட விசா. இலங்கையில் இதைத் தவிர வேறு ‘வேர்க் பெர்மிட்’ இல்லை. கடவுச்சீட்டில் ஏறும் அந்த விசாதான் இங்கே தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் அனுமதி.

இதில் எல்லாமே வரிசையில்தான் இருக்கிறது. முதலில் உரிய அரச நிறுவனத்தின் சிபாரிசு, அடுத்தது நுழைவு விசா, அதற்குப் பிறகுதான் விமானச் சீட்டு. “டூரிஸ்ட் விசாவில கூட்டிக்கொண்டு வாங்கோ, வந்த பிறகு மாத்தலாம்” என்று சொல்லும் தரகர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சுற்றுலாவுக்கான ஈ.டி.ஏ.யில் (இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி) வந்தவர் ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பிடிபட்டால் முதலாளிக்கு வழக்கும் தண்டமும் வரலாம்; ஆனால் தடுப்பில் இருப்பதும் நாடு கடத்தப்படுவதும் அந்த ஏழை மனிதர்தான். ஊரில் கடன் வாங்கி வந்திருப்பார்.

எந்த அலுவலகம்?

இங்கேயே பலர் தடுமாறுகிறார்கள். பத்தரமுல்லைப் பக்கத்தில் இரண்டு அலுவலகங்கள் இருக்கின்றன. கொஸ்வத்தையிலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நம் நாட்டவர் வெளியே வேலைக்குப் போவதற்கானது. உங்கள் விடயத்தில் அதற்கு வேலை இல்லை. நீங்கள் போக வேண்டியது சுஹுருபாய கட்டடத்திலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விசா வழங்குவது அவர்கள்தான்.

முதற்படி: கோப்பைத் தயார் செய்தல்

விசா கிடைப்பதும் இழுபடுவதும் பெரும்பாலும் இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. அவசரப்பட வேண்டாம்.

கம்பனி பக்கத்தில், பதிவுச் சான்றிதழ், பணிப்பாளர் விபரம், வரிப் பதிவு, தற்போதைய ஊழியர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கம்பனிப் பத்திரங்களின் உறுதிப்படுத்திய பிரதிகளைக் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பெறலாம். வருபவர் பக்கத்தில், போதிய காலம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டின் பிரதி, கல்வி மற்றும் அனுபவச் சான்றிதழ்கள், புகைப்படம், அவருடைய நாட்டுப் பொலிஸ் சான்றிதழ். பெயரின் எழுத்துகள் எல்லாப் பத்திரத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்காரருக்குச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக விரிந்திருக்கும். அப்படி இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது கோரிக்கைக் கடிதம். அதிகாரியின் மனதிலுள்ள கேள்வி ஒன்றே: இந்த வேலைக்கு ஏன் ஒரு இலங்கையர் கிடைக்கவில்லை? “எங்களுக்கு நல்ல சமையல்காரர் தேவை” என்று எழுதினால் அதற்குப் பதில் ஆகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “எமது உணவகம் செட்டிநாட்டுச் சமையலை மட்டுமே வழங்குகிறது. இப்பதவிக்குப் பத்திரிகையில் விளம்பரம் செய்தோம். வந்த விண்ணப்பதாரர் எவருக்கும் இத்துறையில் அனுபவம் இருக்கவில்லை. இவர் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவர். இவருக்குக் கீழ் இரண்டு இலங்கையர் பயிற்சி பெறுவார்கள்.” விளம்பரத்தின் வெட்டுத்துண்டையும் கூடவே இணையுங்கள். பயிற்சி பற்றிய வரியை எழுதினால் அதை உண்மையாகவே செய்யுங்கள். புதுப்பிக்கப் போகும்போது நிமிர்ந்து பேச அது உதவும்.

வேலை ஒப்பந்தத்தில் பதவி, சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பிப் போகும் டிக்கெட் யார் செலவு என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். அவர் வாசிக்கக்கூடிய மொழியில் ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். விசாச் செலவையும் ஏஜென்சிச் செலவையும் அவர் சம்பளத்தில் வெட்டாதீர்கள். ஆட்சேர்ப்புச் செலவு முதலாளியுடையது என்பதுதான் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் நெறியும்.

இரண்டாம் படி: சிபாரிசு

நேரே குடிவரவுத் திணைக்களத்துக்குக் கோப்பைக் கொண்டுபோனால் வேலை நடக்காது. உங்கள் தொழிலுக்குப் பொறுப்பான அரச நிறுவனம் முதலில் சிபாரிசு செய்ய வேண்டும்.

முதலீட்டுச் சபையில் பதிந்த கம்பனி என்றால், அந்தச் சபை. எச்செலன் சதுக்கத்து உலக வர்த்தக மையத்தில் இருக்கிறது. சபையுடன் செய்த உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு போங்கள். மற்றக் கம்பனிகளுக்கு, துறைக்குரிய அமைச்சு. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த ஹோட்டல்கள் அந்தச் சபையிடம் கேட்கலாம். கொழும்புத் துறைமுக நகரத்துக்குள் இயங்கும் நிறுவனங்களுக்கு 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஆணைக்குழு இருக்கிறது. மருத்துவர் என்றால் இலங்கை மருத்துவச் சபையின் பதிவும் சேர்ந்து தேவைப்படும்.

கோயில் தர்மகர்த்தாக்களுக்கு ஒரு வார்த்தை. கும்பாபிஷேகத் திருப்பணிக்குச் சிற்பாசாரியார், பூசைக்குக் குருக்கள், திருவிழாவுக்கு நாதஸ்வரக் கலைஞர் என்று தமிழ்நாட்டிலிருந்து எடுப்பவர்கள், காலி வீதியிலுள்ள இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்திடம் சிபாரிசு கேட்க வேண்டும். திருவிழா நெருங்கும் வரை காத்திருக்காதீர்கள். கொடியேற்றத்துக்கு நாள் குறித்த கையோடு விண்ணப்பமும் போகட்டும்.

மூன்றாம் படி: நுழைவு விசா

சிபாரிசோடு கோப்பு சுஹுருபாயவுக்குப் போகிறது. திணைக்களம் சம்மதித்தால், வருபவர் தன் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகம் வழியாக நுழைவு விசா பெறுவார். தமிழ்நாட்டுக்காரருக்குச் சென்னையிலுள்ள துணை உயர்ஸ்தானிகராலயம் பக்கம். சில நாட்டவருக்குப் பாதுகாப்புச் சரிபார்ப்பு நீளலாம், பொறுமை வேண்டும்.

அவருடைய நாட்டின் சட்டத்தையும் கேட்டறியுங்கள். பங்களாதேஷிலிருந்து வேலைக்குப் புறப்படுபவருக்கு அந்நாட்டு வேலைவாய்ப்புப் பணியகமான பி.எம்.இ.டி.யின் அட்டை வேண்டும், நேபாளத்தவருக்கு அவர்கள் அரசின் தொழில் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால், கையில் நம் விசா இருந்தும் டாக்காவிலோ காத்மண்டுவிலோ விமானம் ஏற முடியாமல் திரும்புவார்.

நான்காம் படி: வந்த பிறகு

நுழைவு விசாவின் திகதி முடியுமுன் அதை வதிவிட விசாவாக மாற்றிவிட வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனை உண்டு: மலேரியா, யானைக்கால், காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். விசா பொதுவாக ஒரு வருடத்துக்குக் கிடைக்கும். பிறகு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மனைவி, பிள்ளைகள் தங்கி வாழ்வோராக வரலாம், ஆனால் அந்த விசாவில் மனைவி வேலை செய்ய முடியாது.

கடவுச்சீட்டை அலுமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் சில முதலாளிகளிடம் இருக்கிறது. அது பெரும் தவறு. விசா வேலை முடிந்ததும் அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

சம்பளப் பட்டியலில் அவர் மற்ற ஊழியரைப் போலத்தான். சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். வரியாண்டில் 183 நாளோ கூடவோ இங்கே இருப்பவர் வருமான வரிக்கு வதிவாளர். 2025 ஏப்ரல் முதல் வதிவாளருக்கான வரி விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய்.

விசா உங்கள் கம்பனிக்கும் அந்தப் பதவிக்கும் மட்டும் உரியது. வெள்ளவத்தைக் கடைக்கு வந்தவரை மச்சானின் கல்கிசைக் கடைக்கு அனுப்ப முடியாது. அவர் வேறு முதலாளியிடம் போவதென்றால் புதிதாக அனுமதி எடுக்க வேண்டும்.

வேலை முடிந்து அவர் ஊருக்குப் போகிறார் என்றால், விசாவை இரத்துச் செய்யும்படி திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். சேமலாப நிதியை மீளப்பெறும் படிவங்களில் அவர் விமானம் ஏறுமுன் கையெழுத்து வாங்கி, நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணம் அவர் உழைத்தது. ஊரிலிருந்துகொண்டு அதைத் தேடிப் பெறுவது அவருக்கு மிகக் கடினம்.