வேனிலிருந்தே வேலை: 12 வோல்ட் மின்சாரத்தை அமைப்பது எப்படி?

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேனிலோ ஆர்வியிலோ (தங்கும் வசதியோடு கட்டிய பெரிய வண்டி) குடியேறும் இளைஞர்கள் பெருகியதற்குப் பெரிய காரணம், வேலை லேப்டாப்புக்குள் வந்துவிட்டதுதான். 2020-க்குப் பிறகு எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்ற நிலை பலருக்கு வந்தது. ஓய்வு பெற்றவர்களின் ஆர்விக்கும் இவர்களுடைய வேனுக்கும் உள்ள வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது. விடுமுறைப் பயணத்தில் பேட்டரி தீர்ந்தால் சீக்கிரம் தூங்கிவிடலாம். காலை மீட்டிங்கின் நடுவில் தீர்ந்தால் அப்படி விட முடியாது.

இந்த விளக்கம் ஒருவர் தங்கி வேலை பார்க்கும் வேனுக்கானது. பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் டிசி (நேர்மின்னோட்டம்) பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வெளி இணைப்பிலிருந்து வேனுக்குள் வரும் ஏசி (மாறுமின்னோட்டம்) மின்சாரத்தை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

படி 1: பொருள் வாங்கும் முன் கணக்கு

பலர் சோலார் பேனலில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது ஒரு தாளும் பேனாவும். ஒவ்வொரு கருவியின் வாட்டையும், அது ஒரு நாளில் ஓடும் மணி நேரத்தையும் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும்.

- 45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்: 50 வாட் × 10 மணி = 500
- லேப்டாப்: 45 வாட் × 8 மணி = 360
- 5ஜி ரவுட்டர்: 10 வாட் × 14 மணி = 140
- கூரை விசிறி: 20 வாட் × 8 மணி = 160
- எல்இடி விளக்குகள்: 50
- ஃபோன், ஹெட்செட், தண்ணீர் பம்ப்: 50

மொத்தம் 1,260 வாட்-அவர். வயரிலும் சார்ஜரிலும் வீணாவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 1,450. ரவுட்டருக்குப் பதில் ஸ்டார்லிங்க் மினி (செயற்கைக்கோள் இணைய ஆன்டெனா) என்றால் அது 25 முதல் 40 வாட் இழுக்கும். 8 மணி நேரத்துக்கு 320 வரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜ் நாள் முழுக்க மின்னிணைப்பில் இருந்தாலும் அதன் கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும். 10 மணி என்பது மிதமான வெயிலுக்கான கணக்கு. கோடையில் மூடிய வேனுக்குள் 15 மணியைத் தாண்டும். லேப்டாப் சார்ஜரில் எழுதியிருக்கும் 65 வாட் அதன் உச்ச அளவு. வாட்மீட்டர் ஒன்றைச் செருகி, வீடியோ அழைப்புகள் உள்ள ஒரு வேலை நாளில் அளந்து பாருங்கள்.

படி 2: இன்வெர்ட்டர் உண்மையிலேயே வேண்டுமா?

லேப்டாப்பை 12 வோல்ட்டிலிருந்தே 65 அல்லது 100 வாட் யுஎஸ்பி-சி பிடி (அதிக வாட் தரும் யுஎஸ்பி முறை) சார்ஜரில் போடலாம். இன்வெர்ட்டர் வழியாகப் போனால் 12 வோல்ட்டை ஏசியாக ஏற்றி, லேப்டாப் சார்ஜர் அதை மறுபடி டிசியாக இறக்கும். இரண்டு இடத்திலும் இழப்பு. இன்வெர்ட்டரில் எதையும் செருகாமல் ஆன் செய்து வைத்தாலே 10 முதல் 20 வாட் குடிக்கும். 15 வாட் என்றால் 24 மணி நேரத்தில் 360 வாட்-அவர், அதாவது ஒரு நாள் லேப்டாப் வேலைக்கான மின்சாரம் முழுவதும்.

மிக்ஸி, கேமரா சார்ஜர் போன்றவற்றுக்குத் தேவை என்றால் 1,000 வாட் ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் போதும். பயன்படுத்தும்போது மட்டும் ஆன் செய்யுங்கள். இண்டக்ஷன் அடுப்பு, ஏர் கண்டிஷனர் இரண்டும் இந்த அளவு அமைப்புக்குள் அடங்காது. அவற்றுக்கு பேட்டரி, கேபிள் எல்லாமே வேறு கணக்கு.

படி 3: பேட்டரி

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, 12.8 வோல்ட், 200 ஆம்ப்-அவர். 2,560 வாட்-அவர் கொள்ளளவு; 80 சதவீதம் பயன்படுத்தினால் 2,050. மேலே போட்ட கணக்குக்கு வெயிலே இல்லாமல் ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவாக வரும். எடை ஏறத்தாழ 25 கிலோ. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், அதே பயனுக்கு அதில் 300 ஆம்ப்-அவருக்கு மேல் வேண்டும்; எடை 100 கிலோவை நெருங்கும். வேனின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்குள் தண்ணீரும் சாமான்களும் ஆட்களும் அடங்க வேண்டும் என்பதால் இந்த 75 கிலோ சின்ன விஷயமில்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) தொடர்ந்து எத்தனை ஆம்ப் கொடுக்கும்? 1,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் 93 ஆம்ப் வரை இழுக்கும், அதனால் 150 இருந்தால் நிம்மதி. அடுத்து, குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா? செல்லின் வெப்பம் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். குளிர்ப் பகுதிக்குப் போகிறவர்கள் பேட்டரியை வசிக்கும் பகுதிக்குள்ளேயே வைக்க வேண்டும். வைப்பது என்றால் தரையின் உலோகத்தில் போல்ட் போட்டுப் பட்டையால் கட்டுவது. திடீர் பிரேக்கில் 25 கிலோ எங்கே பறக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 4: சார்ஜ் எங்கிருந்து வரும்?

கூரையில் 200 வாட் பேனல் இரண்டு. நல்ல வெயில் 4.5 மணி நேரம் என்று வைத்து, படுக்கையாகப் பொருத்துவதாலும் சூட்டாலும் தூசியாலும் குறைவதைக் கழித்து 70 சதவீதம் எடுத்தால் 400 × 4.5 × 0.7 = 1,260 வாட்-அவர். அன்றாடத் தேவைக்குக் கொஞ்சம் குறைகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தொலைவில் உள்ள பகுதிகளின் குளிர்காலத்தில் இது கால் பங்காகக்கூட விழும். சோலார் மட்டும் போதும் என்று நம்பி இறங்கியவர்கள் முதல் மழை வாரத்தில் காஃபிக் கடையில் பிளக் பாயிண்ட் தேடி அலைவது இதனால்தான்.

அதற்குத்தான் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) ஏறத்தாழ 400 வாட் எடுத்துக் கொடுக்கும். இரண்டு மணி நேரப் பயணம் 800 வாட்-அவர். செலவை மிச்சம் பிடிக்க, என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்காதீர்கள். லித்தியம் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. கிடைக்கிற கரன்ட்டையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறி எரியும். புதிய வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வேறு, எரிபொருள் சேமிக்க வோல்டேஜைத் தானே இறக்கிக்கொள்ளும். அப்போது பேட்டரி நிறையவே நிறையாது.

பேனல்களை சீரியஸிலா பேரலலிலா இணைப்பது? கூரை விசிறியின் நிழல் ஒரு பேனலில் விழும் என்றால் பேரலல். நிழல் இல்லையென்றால் சீரியஸ். கரன்ட் குறைவாக இருப்பதால் மெல்லிய வயரே போதும். சீரியஸில் இரண்டு பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜும் (எதுவும் இணைக்காதபோது உள்ள வோல்டேஜ்) ஒன்றோடொன்று கூடும். தலா 24 என்றால் 48, குளிர்ந்த காலையில் இன்னும் 10 சதவீதம் ஏறி 53 வோல்ட். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 50 வோல்ட் தாங்குவதாக இருந்தால் அன்றைக்கே போய்விடும். 100 வோல்ட், 30 ஆம்ப் எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச வாட்டை எடுக்கும்) கன்ட்ரோலர் எடுங்கள். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே 2 அல்லது 3 செ.மீ. காற்று போக இடம் விடுங்கள்.

படி 5: வயரும் ஃபியூஸும்

பேட்டரிக்கும் பேனலுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு இங்கே கஞ்சத்தனம் செய்வதுதான் புதியவர்களிடம் அதிகம் பார்க்கும் தவறு. வேன் தீப்பிடிப்பதும் இங்கேதான் ஆரம்பிக்கும்.

12 வோல்ட்டில் கரன்ட் அதிகம், அதனால் வயரிலேயே வோல்டேஜ் இறங்கும். பேட்டரியிலிருந்து 5 மீட்டரில் ஃபிரிட்ஜ் என்றால், போகவும் வரவும் சேர்த்து 10 மீட்டர் செம்பு. 0.75 சதுர மி.மீ. வயரில் தடை 0.23 ஓம், 5 ஆம்ப் ஓடும்போது 1.2 வோல்ட் காணாமல் போகும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் 9 ஆம்ப் இழுத்தால் 2 வோல்ட்டுக்கு மேல். பேட்டரியில் 12.8 இருக்க, ஃபிரிட்ஜ் 10.7-ஐப் பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடும். இதற்காக ஃபிரிட்ஜையே மாற்றுகிறவர்கள் உண்டு. 4 சதுர மி.மீ. போட்டால் அதே 5 ஆம்ப்பில் இழப்பு 0.22 வோல்ட்தான்.

எங்கள் பரிந்துரை இது: விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ., 5 ஆம்ப் ஃபியூஸ். ஃபிரிட்ஜுக்கு 4, 15 ஆம்ப். சோலார் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 10, 40 ஆம்ப். டிசி-டிசி சார்ஜருக்கு ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து 16, இரு முனையிலும் 50 ஆம்ப். இன்வெர்ட்டருக்கு 1.5 மீட்டருக்குள் 35 சதுர மி.மீ., 125 ஆம்ப்.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதனால் வயர் தாங்கும் அளவுக்குக் கீழே அது இருக்க வேண்டும். அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்த தடவை உருகுவது வயராக இருக்கும். பேட்டரி பிளஸ் முனையிலிருந்து 18 செ.மீ.க்குள் 150 ஆம்ப் மெயின் ஃபியூஸ் வரட்டும், அதுவும் கிளாஸ் டி (Class T) வகை. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் பல ஆயிரம் ஆம்ப் பாயும். மலிவான ஃபியூஸில் உருகிய இடைவெளியைத் தாண்டி ஆர்க் (மின்பொறி) தொடர்ந்து எரியும்.

படி 6: லக் கிரிம்ப் செய்தல்

லக் என்பது கேபிள் முனையில் மாட்டும், போல்ட் துளையுள்ள உலோக முனை; அதை அழுத்திப் பிடிக்க வைப்பதுதான் கிரிம்ப். ஹைட்ராலிக் கிரிம்பரை வாடகைக்காவது எடுங்கள். இன்சுலேஷனை லக் குழாயின் ஆழத்துக்குச் சரியாக உரிக்கவும், ஒரு இழைகூட வெட்டுப்படாமல். செம்பு முழுதும் உள்ளே போன பின், கேபிள் அளவுக்குரிய டையில் (கிரிம்பரின் அழுத்தும் அச்சு) இரண்டு இடத்தில் அழுத்தவும். பிறகு லக்கை வைஸில் பிடித்து முழு பலத்தோடு இழுங்கள். துளி நகர்ந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு வேறு லக். கடைசியில் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் உறை). சால்டர் மட்டும் போட்ட இணைப்பு வேண்டாம். சால்டர் ஏறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் இழை இழையாக முறியும்.

ஒரு தளர்ந்த போல்ட்டில் 0.002 ஓம் தடை இருக்கிறது என்று வைப்போம். 100 ஆம்ப் ஓடினால் அந்தப் புள்ளியில் 20 வாட் சூடு. பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை மரப்பலகைமேல் விட்டுவிட்டுப் போவதும் இதுவும் ஒன்றுதான்.

படி 7: இணைக்கும் வரிசை

மெயின் ஃபியூஸைக் கழற்றி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். பேட்டரி மைனஸில் ஷன்ட் (பேட்டரி மானிட்டருக்காகக் கரன்ட்டை அளக்கும் பாகம்) மட்டுமே. மற்ற எல்லா மைனஸும் ஷன்ட்டின் மறுபக்க பஸ்பாருக்கு (பல வயர்கள் சேரும் உலோகப் பட்டை). ஒரே ஒரு வயர் நேராக பேட்டரி மைனஸுக்குப் போனாலும் மானிட்டர் பொய் சொல்லும். வோல்டேஜை வைத்து ஊகிக்கவும் முடியாது. இந்த வகை பேட்டரி பாதி நிலையிலும் 13.1, 13.2 என்றே காட்டும். மைனஸ் பஸ்பாரிலிருந்து வண்டியின் சேசிஸுக்கு (உலோக உடல்) ஒரு இணைப்பு. பெயின்ட்டைச் சுரண்டி வெற்று உலோகத்தில் போடவும்.

தகடு வழியே வயர் போகும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் கிரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரில் பிளஸ் பஸ்பாருக்கும் சேசிஸுக்கும் நடுவே ஷார்ட் இல்லை என்று உறுதியான பின் மெயின் ஃபியூஸைப் போடுங்கள். இன்வெர்ட்டரை முதன்முறை இணைக்கும்போது உள்ளே உள்ள கெபாசிட்டர்கள் நிறைவதால் பெரிய தீப்பொறி வரும். 30 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இடையில் சில நொடி பிடித்துவிட்டு இணைத்தால் வராது.

எம்பிபிடி கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது தலைகீழ். வெளிச்சம் பட்டாலே பேனலில் மின்சாரம் இருக்கும், அதனால் போர்வை போட்டு மூடிவிட்டு பேனல் வயரின் எம்சி4 கனெக்டரைத் தொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு லக்கையும் ஃபியூஸ் ஹோல்டரையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். பக்கத்து இணைப்பைவிட 10 டிகிரி கூடுதலாகக் காட்டும் இடத்தை எல்லாவற்றையும் அணைத்து, பேனலையும் பிறகு மெயின் ஃபியூஸையும் கழற்றிவிட்டு, பிரித்து மறுபடி போடுங்கள். முதல் 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) மறுபடி இறுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.