ஊரில் சுகமில்லாமல் வந்தால் எங்கே போவது?

டிசம்பர் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் என்னிடம் கேட்பது விமானச் சீட்டு, வான் வாடகை, எங்கே தங்குவது என்பதைத்தான். அம்மாவுக்குப் பிரஷர், அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட், சின்னவளுக்கு மூன்று வயது என்று தெரிந்தேதான் கூட்டிப்போகிறார்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தால் வானை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்து வைத்திருப்பவர்கள் குறைவு.

சில வருடங்களுக்கு முன் நாங்களும் யோசித்து வைத்திருக்கவில்லை. பெரியம்மா வீட்டில் நின்றோம். சாப்பாடு முடிந்து கை கழுவப் போனவர் கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டார். நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, வேர்த்து ஊற்ற, "ஒண்டுமில்லை, வாயு" என்றார். மச்சான் வானை எடுத்துவிட்டான். "நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போவம், இஞ்சை ஒண்டும் இல்லை" என்றான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். பக்கத்து வீட்டு ரீச்சர்தான் படலையில் நின்று மறித்து, முதலில் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அங்கே இருந்தது ஒரு இளம் டொக்டர் பிள்ளை. பெரியம்மாவைக் கட்டிலில் ஏற்றிய கையோடு ஈசீஜி எடுத்தார். அந்த நீளக் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு மூன்று குளிசையைக் கையில் கொடுத்து, "சப்பிப்போட்டு விழுங்குங்கோ அம்மா" என்றார். மச்சான் திரும்பவும் வானைப் பற்றிச் சொன்னபோது, "வான் வேண்டாம் அண்ணை. எங்கட அம்புலன்சிலை போகட்டும். அங்கை சொல்லிப்போட்டன், பாத்துக்கொண்டு இருப்பினம்" என்றார். கடிதத்தில் எத்தனை மணிக்கு என்ன கொடுத்தது என்று எழுதியிருந்தது. பெரியாஸ்பத்திரி வாசலில் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு நேரே உள்ளே தள்ளிப்போனார்கள்.

பெரியம்மா இன்றும் இருக்கிறார். அந்த இரவுக்குப் பிறகு ஊருக்குப் போகும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஊர் ஆஸ்பத்திரியைத் தாண்டி ஓடாதீர்கள். அது பெரியாஸ்பத்திரியின் முதல் வாசல்.

எங்கள் தலைமுறைக்கு இது மனதில் ஏறுவது கஷ்டம். போர்க்காலத்தில் பனடோல் இல்லாத ஆஸ்பத்திரிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். அந்தப் படத்தோடேயே இன்னும் இருக்கிறோம். ஆனால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி பெரிய அமைப்போடு சேர்ந்து வளர்வது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. மானிப்பாயில் 1848இல் அமெரிக்க டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தொடங்கியது ஒரு மிஷன் ஆஸ்பத்திரிதான். மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மனிதர் அவர். நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்வதும் தருமத்தில் பிறந்ததே. 1850இல் வட மாகாண அரச அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் தொடங்கினார். பிறெண்ட் இன் நீட் சொசைட்டி என்ற தரும சங்கம் நடத்தியது. 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தோடு சேர்ந்து போதனா வைத்தியசாலை ஆனது. மருத்துவ மாணவர்கள் வந்தார்கள், அவர்களுக்குக் கற்பிக்க நிபுணர்கள் வந்தார்கள், நிபுணர்களோடு புதிய பிரிவுகள் வந்தன. போர் முடிந்தபின் ஜப்பானின் நன்கொடையில் சத்திரசிகிச்சைக்கூடமும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள பெரிய கட்டடம் எழுந்தது. ஆஸ்பத்திரி வீதியில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட நின்று பார்த்தால் தெரியும்.

சரி, எது எங்கே இருக்கிறது? ஊரில் சின்னதாக இருப்பது பிரதேச வைத்தியசாலை. காய்ச்சல், காயம், வயிற்றோட்டம் எல்லாம் அங்கே போதும். அதற்கு மேலே ஆதார வைத்தியசாலை, விசேட நிபுணர்கள் இருக்கும் இடம். வடமராட்சியில் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை. மந்திகை ஆஸ்பத்திரி என்று கேட்டால்தான் ஓட்டோக்காரருக்கு விளங்கும். வலிகாமத்தில் தெல்லிப்பழை, தென்மராட்சியில் சாவகச்சேரி, தீவகத்தில் ஊர்காவற்றுறை. வன்னிப் பக்கம் போனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஒவ்வொன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே யாழ்ப்பாணம் போதனா. போதனா மத்திய சுகாதார அமைச்சின் கீழ், ஊர் ஆஸ்பத்திரிகள் பல மாகாணத்தின் கீழ். ஆனால் நோயாளியின் கடிதமும் அம்புலன்சும் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. நீங்கள் நிற்கப்போகும் வீட்டுக்குக் கிட்ட எது என்று போன முதல் நாளே கேட்டு, வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இரவில் தேடக்கூடாது.

வளர்ந்தது பெரியாஸ்பத்திரி மட்டுமல்ல. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்காக 2011இல் தென்முனை தெவிநுவரவிலிருந்து வடமுனை பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நடந்து காசு சேர்த்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று வழிநெடுக ஆட்கள் சேர்ந்து நடந்தார்கள். புற்றுநோய் என்றால் கொழும்புக்குக் கிட்ட மகரகமையில் இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று இரவு பஸ்ஸில் ஏறிய குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் 2024இல் நெதர்லாந்தின் உதவியோடு பெண்களுக்கான விசேட சிகிச்சை நிலையம் திறந்தார்கள். கர்ப்பிணி மகளோடு வன்னிக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

அடுத்தது 1990 என்ற தொலைபேசி இலக்கம். இலவச அம்புலன்ஸ், பெயர் சுவசெரிய. 2016இல் இந்திய உதவியோடு மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. காசு கேட்கமாட்டார்கள். வழி சொல்லும்போது வீட்டு இலக்கம் சொல்லி மினக்கெடாமல் கோயில், சந்தி, பள்ளிக்கூடம் ஏதாவது சொல்லுங்கள். ஒருவரை டோர்ச் லைட்டோடு ஒழுங்கை முகப்பில் நிறுத்துங்கள். எங்கள் ஒழுங்கைகள் இரவில் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

தீவுகளுக்குப் போவது வேறு கணக்கு. நெடுந்தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் அங்கிருந்து மேலே அனுப்புவதென்றால் கடல் கடக்கவேண்டும். குறிகாட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். இதய வருத்தக்காரர்களையும் நிறைமாதக் கர்ப்பிணிகளையும் அந்தப் பயணத்துக்குக் கூட்டிப்போகாமல் இருப்பதே நல்லது.

டிசம்பர், ஜனவரி என்றால் டெங்கு. மாரி மழை பெய்து தண்ணீர் தேங்கும் காலமும் நீங்கள் போகும் காலமும் ஒன்று. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். கைப்பையில் கொண்டுபோகும் ஐபுபுரோஃபெனைத் தொடவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் காய்ச்சல் தொடங்கியதுமே டொக்டரிடம் அதைச் சொல்லவேண்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் கட்டாயம் இரத்தப் பரிசோதனை செய்து பிளேட்லெட் பாருங்கள். இன்னொன்று, இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்: காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்துக் கொழும்புக்கு வெளிக்கிடுவார்கள். டெங்கில் ஆபத்தான நேரம் தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான். வயிற்று நோ, ஓயாத சத்தி, கைகால் குளிர்வது, சிறுநீர் குறைவது என்றால் அப்படியே ஆஸ்பத்திரி. மலேரியாவுக்குப் பயப்பட வேண்டாம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது.

பாம்பு கடித்தால் தனியார் ஆஸ்பத்திரியைத் தேடி நேரத்தை விடாதீர்கள், அரச ஆஸ்பத்திரிக்கே போங்கள். விஷமுறிவு மருந்தும் அதைக் கொடுத்துப் பழகிய டொக்டர்மாரும் இருப்பது அங்கேதான். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு போங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போகவேண்டும். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பிவந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். விசர்நாய்க்கடி காத்திருக்காது.

அவசரமில்லாத விஷயம் என்றால் சனல் பண்ணலாம், அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி நிபுணரைப் பார்ப்பது. காலையில் அரச கிளினிக்கில் இருக்கும் அதே நிபுணர்களில் பலர்தான் பின்னேரம் அங்கே இருக்கிறார்கள். அவர் "வார்ட்டிலை வந்து படுங்கோ" என்றால் தயங்காதீர்கள். பாரமான வருத்தத்துக்கு இரத்த வங்கி, அதிதீவிர சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது பெரியாஸ்பத்திரியில்தான். விடுதியில் கட்டில்கள் நெருக்கமாகத்தான் இருக்கும். தட்டு, கோப்பை, சுடுதண்ணிப் போத்தல், போர்வை நீங்களே கொண்டுபோகவேண்டும். பார்க்கப் போவது மத்தியானமும் பின்னேரமும் அவர்கள் விடும் நேரத்தில் மட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தோம் என்று சொல்லி அந்த நேரத்துக்கு வெளியே உள்ளே போகக் கேட்காதீர்கள். ஒரே தாதி எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார் என்று ஒருதரம் எண்ணிப் பார்த்தால் கேட்க மனம் வராது.

கிளினிக்குக்குப் போவதென்றால் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு போங்கள், அதில்தான் எழுதித் தருவார்கள். துண்டு வெட்டும்போது கடவுச்சீட்டு கேட்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் கேட்டால் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள், காப்புறுதிக்கு அது வேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன வருத்தம், என்ன சிகிச்சை என்று எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட்டின் மூலப்பிரதி உங்களிடம் இருக்கட்டும். திரும்பிவந்ததும் உங்கள் குடும்ப டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். மருந்து, நிற்கும் நாட்களுக்குமேல் இரண்டு கிழமைக்குச் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஒரு பாதியைக் கைப்பையில் வையுங்கள். கம்பனிப் பெயர் ஊரில் வேறாக இருக்கும். ஆகவே மருந்தின் உண்மைப் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று ஒரு கடதாசியில் எழுதி அம்மாவின் பையில் போட்டுவிடுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது பழைய வருத்தங்களை மறைக்கவேண்டாம். மறைத்தால் காசு கேட்கும் நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள்.

கடைசியாக, கொடுக்க நினைக்கிறவர்களுக்கு. ஊர் ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது, அது நல்ல எண்ணம். ஆனால் கேட்காமல் அனுப்பாதீர்கள். கனடாவில் கழித்துவிட்ட மெஷின் அங்கத்தைய 120 வோல்ட்டுக்குச் செய்தது, ஊரில் 230 வோல்ட். அதைத் திருத்த ஆள் இல்லை, உதிரிப்பாகம் இல்லை என்றால் ஒரு அறையை அடைத்துக்கொண்டு தூசி பிடிக்கும். திகதி முடியப்போகும் மருந்து அவர்களுக்கு உதவியல்ல, எரிக்கவேண்டிய சுமை. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அபிவிருத்திச் சங்கமோ நலன்புரிச் சங்கமோ இருக்கும். போவதற்கு இரண்டு மாதம் முன்பே அவர்களோடும் வைத்திய அத்தியட்சகரோடும் பேசி, என்ன தேவை என்று எழுத்தில் கேளுங்கள். நாங்கள் பெரியம்மா பிழைத்ததற்கு நன்றியாக அப்படிக் கேட்டபோது ஸ்கான் மெஷின் வேண்டும் என்றுதான் பதில் வரும் என நினைத்தோம். அவர்கள் கேட்டது சக்கர நாற்காலி மூன்றும், இரவில் நோயாளியோடு வந்து நிற்பவர்கள் இருக்க நீட்டு வாங்கு நான்கும்.