கொமடோர் 64-இல் கனெக்ட் ஃபோர் எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏழு நெடுவரிசை, ஆறு கிடைவரிசை, மொத்தம் 42 கட்டம். மேலிருந்து காயைப் போட்டு நான்கை ஒரே கோட்டில் சேர்த்தால் ஜெயித்தீர்கள். 1974-இல் மில்டன் பிராட்லி வெளியிட்ட இந்த விளையாட்டின் விதி இவ்வளவுதான் என்பதால், கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில், அதன் பேசிக் நிரல்மொழியில் ஒரே மாலையில் எழுதிவிடலாம் என்று உட்காருகிறோம். எழுதியும் விடலாம், ஆனால் தப்பாக ஆடும்.

எல்லோரும் செய்யும் தவறு, பலகையை 0 முதல் 41 வரை ஒரே நீளப் பட்டியலாக வைத்துக்கொண்டு அடுத்தடுத்த நான்கு எண்களைப் பார்ப்பது. 5, 6, 7, 8-இல் சிவப்புக் காய் இருந்தால் வெற்றி என்று சொல்லிவிடும். ஆனால் 5, 6 ஒரு வரிசையின் வலது ஓரம், 7, 8 அடுத்த வரிசையின் இடது ஓரம்! சுற்றிலும் ஒரு கட்டம் வேலி விட்டு, 9-க்கு 8 என்று 72 கட்டமாக வையுங்கள், வேலிக்கு இருவருக்கும் சேராத ஓர் எண்ணைக் கொடுங்கள். கிடையாக நகர 1, நெட்டாக 9, மூலைவாட்டில் 8 அல்லது 10 கூட்டினால் போதும், ஓரம் வந்துவிட்டதா என்று கேட்கும் வரிகளே தேவைப்படாது. அப்புறம், ஒவ்வொரு காய்க்கும் பலகையிலுள்ள 69 வெற்றிக் கோடுகளையும் சோதிக்காதீர்கள், சுமார் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இயந்திரம் அது. கடைசியாக விழுந்த காயைச் சுற்றிப் பார்த்தால் போதும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறு. கணினி யோசிக்கும்போது பொறுமையில்லாமல் இரண்டு தடவை பொத்தானை அழுத்தியிருந்தேன், என் முறை வந்ததும் நான் தொடாமலே காய் விழுந்தது. அழுத்தியதையெல்லாம் பத்து எழுத்து வரை அந்த இயந்திரம் சேர்த்து வைத்துக்கொள்ளும். உள்ளீடு வாங்குவதற்கு முன்னால் போக் (POKE) 198,0 என்ற கட்டளையைப் போட்டு அந்தச் சேமிப்பைக் காலி செய்துவிடுங்கள்.

கணினியை ஆட வைக்கும்போது, ஜெயிக்க முடியுமா, எதிரியைத் தடுக்க வேண்டுமா என்ற இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். நாம் போடும் காய்க்கு நேர் மேலுள்ள கட்டம் எதிரிக்கு வெற்றியைத் தருமா என்றும் பார்க்க வேண்டும். முதல் காயைக் கண்டபடி போட விடுவதும் தவறு. 1988-இல் ஜேம்ஸ் ஆலனும் விக்டர் அல்லிஸும் தனித்தனியாக இந்த விளையாட்டை முழுதாகத் தீர்த்துவிட்டார்கள். இருவரும் பிழையில்லாமல் ஆடினால், நடு நெடுவரிசையில் தொடங்குபவர் ஜெயிப்பார், அதன் பக்கத்து இரண்டில் தொடங்கினால் சமன், மற்ற நான்கில் தொடங்கினால் இரண்டாமவருக்கு வெற்றி.

இன்னொன்று, காய் விழுந்தால் நான்கு சேர்ந்துவிடும் என்று காலியாகக் காத்திருக்கும் வெற்றிக் கட்டங்களுக்கெல்லாம் ஒரே மதிப்பெண் கொடுக்காதீர்கள். பலகை நிரம்ப நிரம்ப, கீழிருந்து எண்ணினால் ஒற்றைப்படை வரிசைக் கட்டம் பெரும்பாலும் முதலில் ஆடுபவருக்கும், இரட்டைப்படை வரிசைக் கட்டம் இரண்டாமவருக்கும் கைகொடுக்கும். இந்தக் கணக்கைச் சேர்த்த பிறகுதான் என் நிரலை என்னால் சுலபமாகத் தோற்கடிக்க முடியாமல் போனது.