குழந்தைக்குக் கார் சீட்: வாங்குவது, பொருத்துவது, வார் மாட்டுவது

மகளுக்கு அப்போது பத்து மாதம். முடி இறக்கக் கோவையிலிருந்து பழனிக்குக் கிளம்பினோம். கார் சீட் வாங்கியபின் போகும் முதல் நீண்ட பயணம் அது. பொள்ளாச்சி தாண்டி ஒரு வளைவில் கார் திரும்பியபோது குழந்தையின் சீட்டும் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரமாக நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, காரின் சீட் பெல்ட்டைக் குழந்தை சீட்டில் குறித்திருக்கும் நீல நிற வழியில் நுழைப்பதற்குப் பதில் சிவப்பு நிற வழியில் நுழைத்திருக்கிறேன். நல்ல சீட்டாகப் பார்த்து வாங்கியதோடு கவலை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். முதன்முதலாகச் சீட் வாங்கப் போகிறவர்கள் அந்த நிலைக்கு வரக் கூடாது என்பதற்காக, எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?

எங்கள் வீட்டில் முதலில் வந்த கேள்வி இதுதான். "பச்சக் கொழந்தைய இப்படிக் கட்டிப் போடோணுமா கண்ணு? நான் மடியில வெச்சுக்கறேன்" என்றார் அத்தை. அவரிடம் கணக்குப் போட்டுத்தான் காட்டினேன். 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் மோதி நிற்பது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் 150, 200 கிலோ மூட்டையைத் தாங்குகிற பலம் கையில் இருக்க வேண்டும். யாராலும் முடியாது. பெரியவரையும் குழந்தையையும் ஒரே பெல்ட்டுக்குள் போடுவது இன்னும் மோசம். பெல்ட்டுக்கும் பெரியவரின் உடம்புக்கும் நடுவில் குழந்தை நசுங்கிவிடும்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்" என்றார். பின் சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் பழகிய முகம் ஒன்று இருப்பதுதான் நல்ல ஏற்பாடு.

சட்டத்திலும் இது இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

படி 1: குழந்தையை அளந்து, காரைப் பாருங்கள்

வயதை மட்டும் சொல்லிச் சீட் வாங்காதீர்கள். ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளுக்கு நடுவே மூன்று கிலோ வித்தியாசம் இருப்பது சாதாரணம். எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்தது கார். பின் சீட்டில் முதுகு சாயும் பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலுக்குக் கெட்டியான இரும்புக் கம்பி தட்டுப்பட்டு, அதேபோல இன்னொன்று சுமார் 28 செ.மீ. தள்ளி இருந்தால் அதுதான் ஐசோஃபிக்ஸ். சீட்டில் இருக்கும் கொக்கிகள் இந்தக் கம்பிகளில் 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும். பொருத்தும்போது தவறு நடக்கிற வாய்ப்பு இதில் குறைவு.

ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய கார் என்றால் வருத்தப்பட வேண்டாம். தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து வரும் மூன்று முனை பெல்ட் இருந்தால் போதும், அதற்கென்றே சீட்டுகள் கிடைக்கின்றன. இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள நடு இடத்தை விட்டுவிடுங்கள். இன்னொன்று, பின்னோக்கி வைக்கும் சீட்டைச் சுற்றிவர நீளமான பெல்ட் வேண்டும். சில கார்களில் அது எட்டாது. ஆகவே பணம் கட்டும் முன் சீட்டைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து உங்கள் காரில் வைத்துப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

படி 2: ஸ்டிக்கரைப் படியுங்கள்

சீட்டின் பின்புறமோ அடியிலோ ஆரஞ்சு அல்லது வெள்ளை நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் அதில் தெரியும். அந்த எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கிறது. 4 என்றால் நெதர்லாந்து. கூடவே ஐக்கிய நாடுகள் விதி 44 அல்லது 129 என்றும் போட்டிருக்கும். 44 பழையது, எடையை வைத்துப் பிரிக்கிறது. 129 புதியது, உயரத்தை வைத்துப் பிரிக்கிறது, பக்கவாட்டு மோதல் சோதனையும் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் முதல் 44 வகைச் சீட்டுகளைப் புதிதாக விற்பதில்லை. நம் கடைகளில் அவை இன்னும் கிடைக்கின்றன. கையில் இருக்கும் பணத்துக்கு 44 தான் கட்டுப்படியாகும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். இந்தியத் தரமான ஏஐஎஸ் 072-உம் அந்த 44-ஐ ஒட்டி வந்ததுதான்.

எந்த முத்திரையும் இல்லாமல், மெத்தையும் நாலு வாரும் மட்டுமாகச் சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கிறார்களே, அதைக் கார் சீட் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். மோதலில் அது எதையும் தாங்காது. பழைய சீட்டை வாங்குவதாக இருந்தால், அதன் முழுக் கதையும் தெரிந்த சொந்தக்காரரிடமோ நண்பரிடமோ மட்டும் வாங்குங்கள். ஒரு முறை விபத்தில் சிக்கிய சீட் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம்.

படி 3: முடிந்தவரை பின்னோக்கி

குழந்தையின் முகம் காரின் பின் கண்ணாடியைப் பார்த்தபடி இருப்பதைத்தான் பின்னோக்கி என்கிறேன். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு தலைதான். கழுத்து எலும்புகள் முழுதாக இறுகியிருக்காது. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது கார் மோதினால், உடம்பைச் சீட்டின் வார் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னால் பாயும், மொத்தச் சுமையும் கழுத்தில் இறங்கும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகுப் பகுதி சேர்த்து ஏந்திக்கொள்ளும்.

129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கி வைக்கச் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-இல் இன்னும் ஒரு படி மேலே போய், சீட் அனுமதிக்கும் கடைசி எடை, உயரம் வரைக்கும் பின்னோக்கியே வைக்கச் சொன்னது. அதனால் வாங்கும்போதே "பின்னோக்கி எத்தனை கிலோ வரை?" என்று கேளுங்கள். சிலவற்றில் 13 கிலோவோடு முடிந்துவிடும், சிலவற்றில் 18 வரை போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னைக் கேட்டால், கப் வைக்கும் இடத்தையும் துணியின் நிறத்தையும் விட்டுவிட்டு இந்த எண்ணை மட்டும் பார்க்கச் சொல்வேன்.

"கால் மடங்குதே, பாவம்" என்பார்கள். குழந்தைக்குச் சம்மணம் போட்டு உட்காருவது சிரமமே இல்லை.

முன் சீட்டில் காற்றுப்பை (ஏர்பேக்) இருக்கும்போது பின்னோக்கும் சீட்டை அங்கே வைக்கவே கூடாது. காற்றுப்பை விரியும் வேகத்தில் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் சீட்டையே அடித்துத் தள்ளும்.

படி 4: பொருத்துதல்

சமதரையில் காரை நிறுத்தி, குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசோஃபிக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும், சிவப்பாக இருந்த அடையாளம் பச்சையாக மாற வேண்டும். அதோடு தாங்குகால், அதாவது சீட்டின் முன்பக்கத்திலிருந்து கீழே இறங்கும் கால், இருந்தால் அது காரின் தரையில் அழுந்தி நிற்க வேண்டும். சீட்டின் உச்சியிலிருந்து பின்னால் போகும் மேல் வார் இருந்தால், காரில் அதற்குரிய கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அந்தக் கொக்கி பெரும்பாலும் பின் சீட்டின் முதுகிலோ, டிக்கி தனியாக உள்ள கார்களில் பின் கண்ணாடிக்குக் கீழே சிறு மூடிக்குள்ளோ இருக்கும். சாமான் கட்டும் வளையத்தில் மாட்டிவிடாதீர்கள்.

பெல்ட்டில் பொருத்துகிறவர்கள் நிறத்தைப் பாருங்கள். 44 வகைச் சீட்டில் பின்னோக்கி வைக்க நீல வழி, முன்னோக்கி வைக்கச் சிவப்பு வழி. நான் தவறியது இந்த இடத்தில்தான். பெல்ட்டை நுழைத்ததும் சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டே தொய்வை இழுத்து, பெல்ட் மறுபடி தளராமல் பிடிக்கச் சீட்டில் இருக்கும் பூட்டுப் பிடியைப் போடுங்கள். பிறகு பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து.

கைக்குழந்தைக்குச் சாய்வும் முக்கியம். நிமிர்த்தி வைத்தால் தூங்கும்போது தலை மார்பில் விழுந்து மூச்சு அடைபடும். சுமார் 45 டிகிரி சாய்வு வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடோ குமிழோ கொடுத்திருப்பார்கள்.

படி 5: ஒவ்வொரு முறையும் வார் மாட்டுவது

பின்னோக்கி என்றால் தோள் வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கி என்றால் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. வார் முறுக்கிக்கொள்ளக் கூடாது. பூட்டி இழுத்த பிறகு, தோள்பட்டை எலும்புக்கு மேலே வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். துணி கையோடு மடிந்து வந்தால் இன்னும் இறுக்க வேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி.

விசேஷ நாட்களில் பட்டுப் பாவாடையோடு உட்கார வைக்கும்போது துணி பொதியாகச் சேர்ந்து, வார் இறுகியதுபோல் காட்டும். உண்மையில் உள்ளே தொய்வு இருக்கும். நாங்கள் பருத்திச் சட்டை போட்டுக் கூட்டிப்போய், மண்டபத்தில் இறங்கியதும் மாற்றிவிடுகிறோம். சீட்டோடு வராத தலையணை, மெத்தை எதையும் உள்ளே திணிக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலில் பூட்டின் உலோகம் தோலைச் சுட்டுவிடும். நிறுத்தும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டைப் போடுங்கள், மாட்டும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான் என்றாலும் குழந்தையைக் காரில் விட்டுப் போகவே கூடாது. பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

அழுதால்? முதல் வாரம் அழுவார்கள். வீட்டு வாசலில் நிற்கும் காரில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டினோம், பிறகு தெருமுனை வரை, பிறகு காய்கறிக் கடை வரை. ஓடும் காரில் மட்டும் வாரை அவிழ்க்கவில்லை. அழுகை நிற்காவிட்டால் வண்டியை நிறுத்தித்தான் தூக்கினோம். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படியும் வெளியே எடுக்க வேண்டும். பழனிப் பயணம் என்றால் எங்களுக்கு அது உடுமலைப்பேட்டை டீக்கடை.

அதற்குப் பிறகு

முன்னோக்கும் சீட்டும் சிறிதானபின் பூஸ்டர். காரின் பெல்ட் கழுத்தில் ஏறாமல் தோளின் நடுவிலும், வயிற்றில் படாமல் தொடை எலும்பை ஒட்டி இடுப்பிலும் படியும்படி பிள்ளையைச் சற்று உயர்த்தி வைப்பதுதான் அதன் வேலை. சுமார் 145 செ.மீ. உயரம் வரும்வரை அது தேவை. பத்து வயதுப் பிள்ளை பலருக்கும் இன்னும் தேவைப்படும் என்று அர்த்தம். எங்கள் வீட்டுக் கதவு நிலையில் 145-இல் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். மகள் இப்போது 92-இல் நிற்கிறாள்.